முதுகில் கட்டும் நாடா

ஜூன் 9

வாண்டு,

ஏழு தடவை கூப்பிட்டேன். எட்டாவது தடவை மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதத்தைத் தடுக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், எனக்கே தெளிவாக வேண்டும். பதினாறு மருத்துவக் கல்லூரிகளில் இந்த நாடகத்தைப் போட்டிருக்கிறோம். பன்னிரண்டே நிமிடம். பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் டாக்டரைப் பெரிய டாக்டர் சீண்டுகிறார், சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவள் படிப்பை விட்டுப் போகிறாள். பிறகு அதையே இரண்டாம் தடவை போடுவோம். இந்தத் தடவை, பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் மேடையேறி, சும்மா நின்றவர்களில் ஒருவருடைய இடத்தில் நின்று, தான் என்ன செய்வேன் என்று செய்து காட்ட வேண்டும். வகுப்பில் விரிவுரை கேட்டுத் தூங்குகிறவர்கள்கூட இதில் விழித்துக்கொள்வார்கள்.

யாரும் வாய் திறக்காவிட்டால் நான் மேடை ஓரத்தில் நின்று ஒரே ஒரு முகத்தைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த முகம் தாங்காமல் கையைத் தூக்கிவிடும். அன்றைக்கு உன் கல்லூரியில் முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். நான் ஒரு முகத்தைத் தேடினேன். கண் தானாக உன்னிடம் போய் நின்றது. தொழில் பழக்கம், வேறு எதுவும் இல்லை.

நீ எனக்குக் கடிதத்தில் எழுதியதைத்தான் நாடகமாக்கினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். பெண்ணைக் குழந்தைகள் அறுவைப் பிரிவுக்கு அனுப்பினேன், அந்த ஆளுக்கு மீசை வைத்தேன். அறுவை அறையில் போடும் கவுனின் முதுகுப்பக்க நாடாவை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ஈடாக வேறொன்று என் மூளைக்கு எட்டவில்லை.

எல்லாம் முடிந்து மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நரைத்த தலையோடு ஒரு நர்ஸ் வந்தார். "நாடா கட்டுறது டாக்டர் வேலை இல்லீங்க. அது எங்க வேலை. தப்பாக் காட்டுறீங்க," என்றார். வீடு பற்றி எரியும்போது இந்த அம்மா வாசல்படியின் உயரத்தை அளக்கிறாரே என்று நினைத்தேன். திருத்திக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திட்டியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 14

அக்கா,

கிழிக்கலாம் என்றுதான் பிரித்தேன்.

தொழில் பழக்கம் என்கிறாய். உன் கண் போன பக்கம் முந்நூறு தலையும் திரும்பியது. முதல் வரிசையில் ஒரு வழுக்கைத் தலையும் திரும்பியது. உனக்கு அந்த முகம் தெரியாது. அதுதான் எங்கள் பிரிவின் தலைவர், எங்கள் சீஃப். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நம் இரண்டு பேர் மூக்கும் ஒரே அச்சு. அதற்கு மேல் அவருக்கு என்ன துப்பு வேண்டும்?

அப்புறம் "நிறுத்து" என்று கையைத் தூக்கியது யார், ஞாபகம் இருக்கிறதா? அவர்தான். சிரித்துக்கொண்டே மேடையேறினார். உன் நடிகரிடம், "டாக்டர், இந்தப் பொண்ணு சங்கடப்படுது, நீங்க தள்ளுங்க, நான் கட்டி விடுறேன்," என்றார். உன் நாடகத்துப் பெண்ணின் முதுகில் நாடாவை அவர் கையால் கட்டினார். கூட்டம் கைதட்டியது. நீயும் தட்டினாய். "அருமை சார்" என்று மைக்கில் சொன்னாய்.

என் கடிதத்தில் ஒன்றை நான் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது. அறுவை அறையில் ஐந்து நிமிடம் கை கழுவிவிட்டு உள்ளே போனால், அந்தக் கை அதன்பின் எதையும் தொடக் கூடாது. நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். கவுனை முன்பக்கமாக மாட்டிக்கொள்வோம், முதுகில் நாடாவைக் கை கழுவாத ஒருவர் கட்டி விட வேண்டும். எல்லா ஊரிலும் அது நர்ஸ் வேலை. எங்கள் பிரிவில் மட்டும், பெண்களுக்கு, சீஃப் கட்டுவார். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு எளிமையான மனிதர். அவர் கையைத் தட்டிவிட்டால் என் கை கெட்டுப்போகும். மறுபடி கழுவ வேண்டும். மேசையில் ஒருவர் மயக்கத்தில் கிடப்பார். "இந்தப் பொண்ணுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியல," என்று என் லாக்புக்கில் எழுதுவார். நான் செய்யும் ஒவ்வொரு அறுவையும் அந்தப் புத்தகத்தில் ஏறி, அவர் கையெழுத்து விழுந்தால்தான் ஜூலைக் கடைசியில் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியும்.

நாடகத்துக்கு மறுநாள் காலை நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து காதருகே வந்து, "அக்கா நல்லா நடிக்க வைக்கிறாங்க. இங்க யாரும் நிறுத்துன்னு சொல்லக் காணோமே?" என்றார். கை எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் நாடகத்தில் வந்துவிடும்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து பட்டியலில் என் பெயர் இல்லை. சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிறேன். இன்னும் பன்னிரண்டு அறுவை பாக்கி. புகார் கொடு என்று எழுதிவிடாதே. புகார்க் குழுவில் மூன்று பேர், அதில் அவரும் ஒருவர். உன் நாடகத்துக்கு அனுமதி கொடுத்ததே அந்தக் குழுதான். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்தைப் பார்.

நான் ஒருத்திக்கு எழுதினேன். நீ ஊருக்கே வாசித்துவிட்டாய்.

*

ஜூன் 20

வாண்டு,

எடுத்துப் பார்த்தேன். வளைத்து வளைத்துப் போட்ட அழகான கையெழுத்து. அதை நெகிழித் தாளில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். மற்றக் கல்லூரிகளுக்குக் காட்ட வசதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். என்னை நான் எந்தச் செருப்பால் அடித்துக்கொள்வது?

நாடா கட்டும் காட்சியை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டேன். இனி எங்கேயும் போட மாட்டோம். குழுவில் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லாமல். டாக்டராக நடிப்பவர் நிஜத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், ஈக்குக்கூட வழிவிடுகிற மனிதர். அவர் சொன்னார்: "அன்னைக்கு அவர் மேடையில வந்து கட்டினப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சும்மா. நான் இத்தன நாள் நடிச்சும் எனக்கு அந்த முடிச்சு சட்டுன்னு வராது. அவர் கண்ணால பாக்காமயே கட்டினார்."

அவர் பார்த்திருக்கிறார். பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு ஊரில் மேடையேறி, சும்மா நிற்காதீர்கள், சும்மா நிற்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

நான் வந்து உங்கள் கல்லூரி முதல்வரைப் பார்க்கட்டுமா? அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். துரத்தினால் மறுபடி வந்து உட்காருவேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "சின்னவ ஏன் போனே பண்ணல?" என்று தினமும் கேட்கிறாள். தேர்வு நெருங்குகிறது என்று புளுகிவைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நான் உன்னைப் பார்த்தபோது நீயே "நிறுத்து" என்று சொல்லியிருக்கலாமே? சின்ன வயதில் நான் உன் ஜடையைத் தொட்டாலே தெருவைக் கூட்டிவிடுவாய். அந்தத் தொண்டை எங்கே போனது?

அக்கா

*

ஜூன் 25

அக்கா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் இங்கே சேர்ந்த வருஷம் எனக்கு ஒரு வருஷம் முந்தியவள் ஒருத்தி இருந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, நெட்டை என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஏற்ற கவுனே கிடையாது, எதைப் போட்டாலும் முழங்காலோடு நிற்கும். எனக்குத் தையல் போடக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். நுரைப்பஞ்சில் போடச் சொல்லி, கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள்.

ஒரு காலை அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சீஃப் பின்னால் வந்தார். நான் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். நான் அன்றைக்குக் கை கழுவவில்லை, அக்கா. என் கைகள் சும்மா இருந்தன, எதையும் தொடலாம், எதையும் செய்யலாம். நெட்டை என்னைப் பார்த்தாள். வாயை முகமூடி மூடியிருந்தது, கண் மட்டும்தான் தெரிந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. அதில் நிமிட முள் நகருவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து இருபத்திரண்டு வரை.

அப்புறமும் அவள் எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு ஏன் திரும்பிக்கொண்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் படிப்பை விட்டுப் போய்விட்டாள். இப்போது எங்கோ ஒரு ஸ்கேன் மையத்தில் இருட்டறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறாளாம். எங்கள் எல்லோரையும்விட நல்ல கை அவளுக்கு.

அடுத்து என் முறை வந்தது. அதைத்தான் உனக்கு எழுதினேன். முதல் பாதியை எழுதவில்லை. உன் நாடகத்தில் சும்மா நின்றவர்களைப் பார்த்துக் கூட்டம் உச்சுக்கொட்டியதே, அது எனக்குத்தான். நீ மேடையிலிருந்து என்னைப் பார்த்தபோது எனக்கு நெட்டையின் கண்தான் தெரிந்தது. என் வாயிலிருந்து "நிறுத்து" எப்படி வரும்?

நீ வர வேண்டாம். முதல்வர் வாசலில் உட்கார்ந்தால் உன்னைப் பைத்தியம் என்பார்கள், என்னைப் பைத்தியத்தின் தங்கை என்பார்கள். விலகல் கடிதம் எழுதி லாக்புக்கில் மடித்து வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. என்னோடு படிக்கும் ஒருவன், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடி என்போம், மற்றபடி நல்லவன்தான், நேற்று என் எதிரே வந்து உட்கார்ந்தான். "எனக்கும் தெரியும், ஆனா எனக்கும் அந்தக் கையெழுத்து வேணும்," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

*

ஜூன் 27

வாண்டு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நானே வந்துவிடலாம்.

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டியில் எல்லோரும் ஏறிக் காத்திருந்தார்கள். நாளைக்கு இருந்த நாடகத்தை ரத்து செய்துவிட்டேன். வாத்தியார் ஒன்றும் கேட்காமல் என் பையை எடுத்துக் கொடுத்தார்.

என்னோடு நீ பேச வேண்டாம். என்னைப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் விடுதி கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை பெஞ்ச் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பேன். சன்னலைத் திறந்தால் என் தலை தெரியும். அவ்வளவுதான்.

லாக்புக் வேண்டாம், பட்டம் வேண்டாம், டாக்டரே ஆக வேண்டாம். எனக்கு நீ இருந்தால் போதும். நான் உனக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க நீ இருக்க வேண்டும், வாண்டு. தயவுசெய்து இரு.

அக்கா

*

ஜூலை 6

அக்கா,

மூன்று நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முதல் நாள் சன்னலைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்தேன். நீ வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். விடுதிக் காவலர் வந்து, "உங்க அக்காவ உள்ள வரச் சொன்னா, வேணாம் வேணாம்னுட்டாங்க. மழை வருது, குடையாவது குடுக்கட்டுமா?" என்று கேட்டார். மொட்டைமாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. வார்டனைப் பிடித்துப் பூட்ட வைத்தது உன் வேலைதான் என்று தெரியும். பூட்டைப் பார்த்ததும் கோபம் வந்தது. அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எத்தனையோ நாளாக வராத அழுகை.

நான்காம் நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீ கிளம்பினாய். அன்றைக்கு நடந்ததுதான் இது.

விலகல் கடிதத்தில் தேதி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அறுவை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வழக்கம்போலச் சுவரோரம் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அவளுக்கு அதுதான் முதல் அறுவை. கையைச் சாமி கும்பிடுகிறவள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் பட்டுவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீஃப் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நான் கட்டி விடுறேன்மா."

என் கண் கடிகாரத்துக்குத்தான் போனது, அக்கா. அதுவாகவே போனது. ஒன்பது ஐம்பது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சுவரோரம் நிறுத்தியது அவர். அதனால் நான் கை கழுவவில்லை. என் கைகள் சும்மா இருந்தன.

எப்படி நடந்து போனேன் என்று ஞாபகம் இல்லை. அவர் தொடுவதற்குள் நாடா என் கையில் இருந்தது. "சார், நான் கட்டுறேன்," என்றேன். குரல் எலி கீச்சிட்ட மாதிரி வந்தது. நீ நினைக்கிற மாதிரி வீரமெல்லாம் இல்லை.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றார்.

நான் முதல் நாடாவுக்கு முடிச்சுப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "நான்தான் சார் கூப்பிட்டேன். இன்னைக்கு எனக்குக் கை வலி. நாடா கட்டுறது எங்க வேலை சார், டாக்டருக்கு எதுக்கு சிரமம்?" நீ எழுதியிருந்த அந்த நரைத்த தலை நர்ஸ், எங்கள் சிஸ்டர். எங்களை எல்லாம் எடுத்ததற்கெல்லாம் கடித்துக் குதறுகிறவர். நான் இரண்டாவது நாடாவை எடுக்கும்போது அவர் எனக்கும் சீஃபுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். மேசையில் மயக்கத்தில் இருந்தவருடைய இதயத்துடிப்பு மட்டும் கருவியில் கேட்டது. சீஃப் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நாடாவைக் கட்டத்தான் ஆள் இருக்கிறதே. கை கழுவப் போய்விட்டார்.

முடிந்தபின் சிஸ்டர் என்னைத் துணி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "உங்க அக்காகிட்ட நான் அன்னைக்கே சொன்னேன், அது எங்க வேலைன்னு. அந்தம்மாவுக்குப் புரியல. அந்த வேலைய அவர் எங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டப்ப, போகட்டும் ஒரு வேலை மிச்சம்னு விட்டவ நான். ஒன்பது வருஷம் ஆச்சு. எத்தன பொண்ணுங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். சொல்லும்போது துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தோஷப்பட்டுவிடாதே. மறுநாளே சிஸ்டரை வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என் லாக்புக்கில், "ஒழுங்கு போதாது, ஆறு மாதம் நீட்டிப்பு" என்று அந்த வளைந்த கையெழுத்தில் இருக்கிறது. இந்த ஜூலைத் தேர்வு போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் அதே அறையில் நான் இருந்தாக வேண்டும். ஆனால் சிஸ்டர் போகும்போது மற்ற நர்ஸ்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ, இப்போதெல்லாம் எங்களில் ஒருத்தி கவுனுக்குள் கையை விடும்போதே பின்னால் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.

விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு புகார் எழுதியிருக்கிறேன், கல்லூரிக் குழுவுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்கு. சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதுப் பெண் யோசிக்கிறாள், அவளை நான் அவசரப்படுத்த மாட்டேன். கண்ணாடி என்னைக் கண்டால் வேறு பக்கமாகப் போகிறான். புகார் எடுபடுமா, என்னைத்தான் எடுத்தெறிவார்களா, தெரியவில்லை.

அந்தக் காட்சியை மறுபடி நாடகத்தில் சேர். நான் சொல்கிறேன், சேர். ஆனால் சிஸ்டர் சொன்னபடி திருத்து. கட்ட வேண்டியவர் யார் என்பது முதலிலேயே மேடையில் தெரியட்டும். அவர் ஓரத்தில் சும்மா நிற்பது எல்லோர் கண்ணிலும் படட்டும். இன்னொன்று. யாரும் வாய் திறக்காவிட்டால் காத்திரு, ஆனால் ஒரு முகத்தையே பார்க்காதே. அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஸ்கேன் மையத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து நெட்டைக்கும் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துப் போட்டு, கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது. "அன்றைக்கு நான் பார்த்தேன். பத்து இருபதிலிருந்து பத்து இருபத்திரண்டு வரை. எங்கே கேட்டாலும் சொல்கிறேன்."

பதில் வரவில்லை. வராமலும் போகலாம். தினமும் மத்தியானம் விடுதிக்கு வந்ததும் காவலரிடம் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறேன். இதுவரை உன் கடிதங்கள்தான் வந்திருக்கின்றன. போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன், கூப்பிடு.

வாண்டு